பம்பரில் துளை, திருமேனியில் பின்னம்

புதுக் கார் வாங்கியவர் முதலில் அதை ஓட்டிப்போவது கோயிலுக்குத்தான். குருக்கள் முகப்பில் மாலை சாத்துவார், சந்தனம் குங்குமம் வைப்பார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும். மறுநாள் கழுவினால் எல்லாம் போய்விடும். டி.என். 49 தஞ்சாவூர், டி.என். 68 கும்பகோணம் என்று தொடங்கும் நம்பர் பிளேட் அப்படிப் போகாது. அதை மாட்டப் பம்பரில் துளை போடவேண்டும் என்றதும் உரிமையாளருக்கு மனம் பதறுகிறது.

இழுவைக் கொக்கிக்காகக் கம்பெனியே பம்பரில் விட்டிருக்கும் மரைத்துளையில் ஒரு தாங்கியைத் திருகி, பிளேட்டை அதில் பொருத்துவது வெளிநாடுகளில் சிலருடைய பழக்கம். கழற்றினால் சுவடே இருக்காது. நம் சட்டத்தின் மனம் வேறு. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அதன் ‘ஸ்னாப் லாக்’ உடைத்தால்தான் கழலும். முன், பின் பிளேட்டுகளுக்கு அடுத்து மூன்றாவது அடையாளமாக முன்கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரும் உரித்தால் கிழிந்துபோகும்.

சுவடில்லாமல் கழலக்கூடியது அடையாளம் ஆகுமா?

இதே கேள்வியைக் கோயிலில் கேட்டுப் பார்க்கலாம். செப்புத் திருமேனியில் துளையிட்டு எண் பதிக்கக் காவிரி டெல்டாவில் யாரும் துணியமாட்டார்கள். பின்னப்பட்ட திருமேனி பூசைக்கு ஆகாது என்பது வழக்கம். வீதியுலாவுக்கு வேண்டிய துளைகளும் வளையங்களும் வார்க்கும்போதே பீடத்தில் அமைந்துவிடும். (கார்க் கம்பெனிக்கும் இதே புத்திதான்.) இன்னும் ஆழமாகப் பார்த்தால், திருமேனியில் இறைவன் குடியிருப்பதே ஆகமப்படி அசையாத பூட்டு இல்லை. திருப்பணி வந்தால் கலாகர்ஷணம் செய்து மூர்த்தியின் ஆற்றலைக் குடத்து நீருக்கு மாற்றுகிறார்கள். பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னதியில் படத்தையோ பலகையையோ வைத்துப் பூசை நடக்கிறது. குடமுழுக்கில் பழைய இடத்துக்கே சேர்க்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் 2020 பிப்ரவரி 5 அன்று குடமுழுக்கு கண்டவர்கள் இந்த மரபைத்தான் கண்டார்கள்.

இந்த நெகிழ்ச்சிக்குச் சோதனை வந்தது சிவபுரத்தில். கும்பகோணத்தை அடுத்த அவ்வூரில் 1951-இல் மண்ணுக்கடியில் கிடைத்த நடராசர், 1950-களில் சீர்செய்ய வெளியே போனார். திரும்பி வந்தது நகல். 1960-களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட் சொல்லித்தான் இது உலகுக்குத் தெரிந்தது. அசல் அமெரிக்காவில் கலைப்பொருள் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமனிடம் போய்ச் சேர்ந்தது. இந்தியா வழக்குத் தொடுத்து, 1976-இல் சமரசமாகி, 1986-இல்தான் நாடு திரும்பியது. உண்மை தெரியும்வரை நகலுக்குக் காட்டிய தீபாராதனை யாருக்குப் போய்ச் சேர்ந்தது? சாமிக்குத்தான் என்று பக்தர் யோசிக்காமல் சொல்வார். சொல்வது சரிதான், அன்பு உலோகத்தைச் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆனால் நீதிமன்றம் சோதிக்கும். இதே செம்பு, இதே வார்ப்பு என்று காட்டினால்தான் அங்கே வழக்கு நிற்கும்.

நம்பர் பிளேட் நீதிமன்றத்தின் பக்கம் சேர்ந்த பொருள். திருடுபோன வண்டியும் அடித்துவிட்டு ஓடிய வண்டியும் எதுவென்று அந்த எண்தான் சொல்லவேண்டும். பம்பருக்காகத் தாங்கி தேடுபவர் தேடட்டும், பிளேட் பூட்டியே இருக்கட்டும். ஆயுத பூசையன்று சந்தனத்தை மட்டும் எண்களின்மேல் அப்பாதீர்கள்; பானெட்டில் இடம் நிறைய இருக்கிறது.