தொண்ணூறுக்கு மேலே

வலிக்கும் இடத்தில் கோளாறு இல்லை. இறுகியிருப்பது தோள் மூட்டு. நோவதோ மேற்கையின் வெளிப்புறம், தடுப்பூசி போடுவார்களே, அந்த இடம். மூட்டின் செய்தியும் அந்தத் தோலின் செய்தியும் பெரும்பாலும் கழுத்திலுள்ள ஒரே நரம்பு வேர் வழியாக மேலே போகின்றன. எது எங்கிருந்து வந்தது என்று மூளை பிரித்துப் பார்ப்பதில்லை. இரவில் அந்த இடத்தைத் தேய்த்துவிடச் சொல்லிக் கேட்கிறது உடம்பு. தேய்த்தால் இதமாகத்தான் இருக்கிறது. மூட்டுக்கு அது போய்ச் சேர்வதில்லை.

*

மழை நனைத்த படியில் விழுந்ததில் வலது மேற்கை எலும்பின் தலைப்பகுதியில் மெல்லிய விரிசல். ஸ்லிங்கில் கை தொங்கிய வாரங்களில் எலும்பு ஒழுங்காகக் கூடிவிட்டது. அதற்குள் தோள் இறுகிக்கொண்டது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த இறுக்கம் அதிகம் வரும். எனக்குச் சர்க்கரை உண்டு.

உடம்பிலேயே அதிகம் சுழலக்கூடிய மூட்டு இதுதான். எலும்பின் உருண்டைத் தலை பெரிது, அது உட்காரும் குழியோ ஆழமே இல்லாதது. அதைச் சுற்றி ஓர் உறை. கை தொங்கும்போது உறையின் அடிப்பகுதி மடிந்து கிடக்கும், சட்டையின் அக்குளில் தையற்காரர் விடும் உபரித் துணியைப் போல. கை உயரும்போது அந்த மடிப்பு விரிந்து இடம் கொடுக்க வேண்டும். அழற்சியில் உறை தடித்துச் சுருங்கிவிட்டால் விரிவதற்கு எதுவும் மிஞ்சாது. நல்ல உறைக்குள் 15 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் செலுத்த முடியும். இறுகிய உறை பெரும்பாலும் 10 மில்லிகூடத் தாங்காது.

கரும்பலகையில் தேதி எழுதும் மேல் மூலைக்கு என் கை போவதில்லை. ஒரு மாணவி எழுதுகிறாள். தலை பின்னிவிடுவது மகள். ஜாக்கெட் போடும்போது நோகும் கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது அது கடைசியில் வர வேண்டும். இந்த வரிசையை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, உடம்பே கண்டுபிடித்துக்கொண்டது.

*

அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி அறை. சுவரில் விரல் ஏணி, பக்கத்தில் தோள் சக்கரம், மேலே கப்பியும் கயிறும். முதலில் சூட்டு ஒத்தடம். பிறகு கட்டிலில் மல்லாந்து படுக்க வேண்டும்.

பிசியோ சின்னப் பெண். ஒரு கையால் என் தோள்பட்டை எலும்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் கையை உயர்த்துகிறார். பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. கை முழுதாக உயரும் 180 பாகையில் ஏறக்குறைய 120 மூட்டின் பங்கு. மீதி 60, முதுகின் மேல் நகரும் தோள்பட்டை எலும்பின் பங்கு. மூட்டு மறுத்தால் தோள்பட்டை அதன் வேலையையும் தானே எடுத்துக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்குக் கை உயர்ந்தது போலிருக்கும், மூட்டு கிடந்த இடத்திலேயே கிடக்கும். உட்கார்ந்து செய்யும் பயிற்சிகளில் இதைப் பிடித்துவைக்க ஆள் இல்லை. "டீச்சர், கண்ணாடியப் பாருங்க, தோள் காதுகிட்ட போகுது" என்று அறையின் மறுகோடியிலிருந்து குரல் வரும்.

தொண்ணூறு பாகை வரை பேசிக்கொண்டிருப்போம். அதற்கு மேல் பேச்சு நின்றுவிடும். முதலில் வருவது வலியல்ல என்பதைக் கவனித்துவருகிறேன். முதலில் மூச்சு நிற்கிறது. அடுத்து கழுத்து விறைக்கிறது, கட்டிலின் விளிம்பை இடது கை பற்றுகிறது. இவை எல்லாம் முடிந்த பிறகுதான் வலி வருகிறது. "மூச்சப் பிடிக்காதீங்க. விடுங்க, நீளமா விடுங்க." விடும்போது தசை சற்றே நெகிழ்கிறது, கை கொஞ்சம் மேலே போகிறது. அந்தக் கொஞ்சத்தில் கண்ணில் நீர் வந்துவிடுகிறது.

அங்கே இரண்டு வகை வலி இருக்கிறது. ஒன்று ஆழமாக, அகலமாக, இழுபட்டு வருவது. கையை இறக்கியதும் அதுவும் இறங்கும். இன்னொன்று கூரானது, ஓரிடத்தில் நிற்பது, கையை இறக்கிய பிறகும் போகாதது. முதலாவதோடு இருக்கலாம். இரண்டாவது வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

"பத்துக்கு எவ்வளவு, டீச்சர்?"

பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டே பழகிய எனக்கு இந்தக் கேள்விக்கு விடை சொல்வது கடினமாக இருக்கிறது. வலியிலிருந்து பயத்தைக் கழித்துவிட்டுச் சொல்ல வேண்டும். கழிக்க முடிந்த நாட்களில் எண் சிறியதாகவே வருகிறது.

*

"வலிச்சாத்தான் சரியாகும்." உறவுக்காரர்கள், சக ஆசிரியர்கள், வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் அன்போடுதான் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

நெதர்லாந்தில் டியர்க்ஸ், ஸ்டீவன்ஸ் என்ற இருவர் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெளிப்படையான காரணம் இல்லாமல் தோள் இறுகிய 77 பேர். ஒரு சாராருக்கு வலியின் எல்லை வரையும் அதைத் தாண்டியும் கையை நீட்டும் தீவிரப் பயிற்சி. மற்றவர்களுக்கு அந்த எல்லைக்குள் நின்று செய்யும் மென்மையான அசைவுகள் மட்டும். இரண்டு ஆண்டு முடிவில் மென்மையாக நடத்தப்பட்டவர்களில் 89 சதவீதத்தினர் இயல்பான, அல்லது ஏறக்குறைய இயல்பான நிலைக்கு வந்திருந்தார்கள். மற்றவர்களில் 63 சதவீதத்தினர். விழுந்து இறுகிய என் தோளுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. எனக்கு நீட்டல் தேவை என்று பிசியோ தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் அவரும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்: பயிற்சியில் எழுந்த வலி சீக்கிரம் அடங்க வேண்டும். இரவுத் தூக்கத்தை அது கெடுத்தால் மறுநாள் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சகிப்பதென்றால் பல்லைக் கடித்துக்கொள்வது என்றுதான் நம் வீடுகளில் பழக்கியிருக்கிறார்கள், பெண்களுக்குக் கூடுதலாகவே. கட்டிலில் கிடந்து "போதும்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லிப் பார்த்தபோது பிசியோ உடனே நிறுத்தினார், முகம் மாறாமல். சொன்னால் நிறுத்துவார் என்று தெரிந்த பிறகு தோள் அவர் கைக்கு முன்பைவிட எளிதாக இணங்கத் தொடங்கியது.

*

வீட்டில் செய்வது ஊசல் பயிற்சி. இடுப்பை வளைத்துக் குனிந்து, நல்ல கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, நோகும் கையைத் தொங்கவிட வேண்டும். உடம்பை லேசாக அசைத்தால் கை தானாக வட்டமிடும். கையின் எடையே மூட்டைச் சற்று விலக்கிக் கொடுக்கிறது. நாள் முழுவதிலும் தோள் என்னிடம் பகை இல்லாமல் இருப்பது அந்தச் சில நிமிடங்களில்தான்.

இந்தப் பயிற்சி எர்னஸ்ட் காட்மன் என்ற பாஸ்டன் அறுவை மருத்துவரின் பெயரோடு வழங்குகிறது. தோளைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1934-இல் வந்தது. அவருக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரும் எப்படி இருக்கிறார் என்று குறைந்தது ஓராண்டு கழித்துப் பார்க்க வேண்டும், பலன் இல்லையென்றால் ஏன் என்று எழுதிவைக்க வேண்டும் என்றார். பணியாற்றிய மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை அதற்கு இணங்கவில்லை; 1914-இல் அங்கிருந்து பிரிந்தார். தாமே நடத்திய சிறு மருத்துவமனையில் 337 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டபோது, நேர்ந்த 123 பிழைகளையும் சேர்த்தே அச்சிட்டார். இறுகிய தோளோடு வாழ்ந்துகொண்டிருக்கும் எனக்கு ஓராண்டு என்ற அவருடைய அளவு மிக நியாயமாகப் படுகிறது. மிகப் பிடிவாதமான தோள்கூட ஏறத்தாழ இரண்டு ஆண்டில் சரியாகிவிடும் என்று அவர் நம்பினார். பின்னால் வந்தவர்கள் பல ஆண்டு கழித்துப் பார்த்ததில் சிலருக்குச் சிறு இறுக்கம் மிஞ்சியிருந்தது. இரண்டையுமே நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

*

பக்கத்துக் கட்டிலில் ஒரு கொத்தனார். அவருக்கும் வலது தோள். இங்கே வரும் நாளில் கூலி கிடையாது. பொறுமையாக இருங்கள் என்று அவரிடம் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை; எனக்கு மருத்துவ விடுப்பு உண்டு.

பிசியோதான் கேட்டார்: "சைட்ல கப்பி இருக்கும்ல அண்ணே?"

"இருக்குமே. சாந்து ஏத்துறதுக்கு."

வேலை தொடங்கும் முன் அதில் தனியாக ஒரு கயிற்றைப் போட்டு இரு முனையிலும் கைப்பிடி கட்டிக்கொள்ளச் சொன்னார். நல்ல கை கீழே இழுக்கும்போது நோகும் கை மேலே போகும். வலித்தால் மெதுவாக இறக்க வேண்டும். கொத்தனார் செய்து காட்டியதில் நோகும் கையே இழுத்துக்கொண்டிருந்தது. பிசியோ திருத்தினார். மறந்துவிடுவேன், எழுதிக் கொடுங்கள் என்று கொத்தனார் என் பக்கம் திரும்பினார். மேசை உயரத்தில் என் கை நன்றாகவே எழுதும். குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்துப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

"பத்து நிமிஷம்னு மேல போடுங்க டீச்சர்," என்றார். "மேஸ்திரிகிட்ட காட்டணும்."