எலிக்கு வடிகால் உண்டு

பெயின்ட், வார்னிஷ், ஃபார்மலின் என்று பல தொழில்களில் புழங்கும் கரைப்பான் மெத்தனால். சோதனைச் சாலையில் வாய்வழியாகக் கொடுத்தால் எலிகளில் பாதி சாவதற்கு, உடல் எடையில் கிலோவுக்கு ஐந்தரை கிராமுக்கு மேல் வேண்டும். மனிதனுக்கு 1 கிராம் போதும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 75 மில்லி, அரை டம்ளர்கூட இல்லை.

அளவைவிட முக்கியம், பாதிக்கும் விதம். எலிக்குப் போதை ஏறும், மயங்கும். மிஞ்சிப்போனால் அந்த மயக்கத்திலேயே சாகும். மனிதனுக்கோ போதை தெளிந்து, பாதி நாளோ ஒரு நாளோ கழிந்த பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது. மூச்சு வாங்கும், வயிறு பிசையும், கண்முன் வெள்ளைப் புகை படர்ந்ததுபோல் பார்வை மங்கும்.

மெத்தனால் தன்னளவில் பெரிய கொலையாளி இல்லை. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. முதல் படியை எலியில் பெரும்பாலும் கேட்டலேஸ் என்ற நொதி செய்கிறது. மனிதனிலும் குரங்கிலும் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் செய்கிறது. வித்தியாசம் இங்கேதான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வேலையாள் வேறானாலும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். ஃபார்மால்டிஹைடும் ரத்தத்தில் தங்குவதில்லை, ஓரிரு நிமிடத்தில் பாதி கரைந்துவிடும். ஆக, வித்தியாசம் அதற்கும் அடுத்த படியில் இருக்கிறது.

சிலவகை எறும்பு கடித்த இடத்தில் சுரீரென்று எரிகிறதே, அதில் இருப்பது ஃபார்மிக் அமிலம். குமரி மாவட்ட ரப்பர் தோட்டங்களில் பாலை உறைய வைக்க ஊற்றுவதும் இதே அமிலம்தான். உடலுக்குள் இது கரியமில வாயுவாக மாறி வெளியேற வேண்டும். அதற்குத் துணை, கீரையில் இருக்கிற, கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகக் கொடுக்கிற அந்த ஃபோலேட். எலியின் கல்லீரலில் அது தாராளம். குரங்கிலும் மனிதனிலும் குறைவு. எலி அமிலத்தை எரிக்கும் வேகத்தில் குரங்குக்குப் பாதிதான் உண்டு. தொட்டிக்கு வரும் தண்ணீர் ஒன்றே, வடிகாலின் அகலம்தான் வேறு. வடியாத அமிலம் தேங்குகிறது, ரத்தம் புளிக்கிறது, செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் கடைசிக் கண்ணி தடைபடுகிறது. அதில் முதலில் அடிபடுபவற்றுள் ஒன்று பார்வை நரம்பு.

இது வெறும் ஊகம் இல்லை. உணவில் ஃபோலேட்டைக் குறைத்து வளர்த்த எலிகளுக்கு மெத்தனால் கொடுத்தபோது, மனிதனைப் போலவே அமிலம் தேங்கியது, கண்ணும் கெட்டது. குரங்குகளுக்கு ஃபோலேட் சேர்மங்களைக் கொடுத்தபோது தேக்கம் குறைந்தது. ஆனால் இதெல்லாம் தெளிய வெகு காலம் ஆயிற்று. எலியும் நாயும் பார்வை போகாமல் பிழைத்ததைக் கண்டு, சுத்தமான மெத்தனால் தீங்கற்றது, அதில் கலந்த அழுக்குதான் விஷம் என்றுகூட ஒரு காலத்தில் நம்பினார்கள். 1955-இல் கில்கர், பாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் குரங்குகளில் சோதித்துக் காட்டிய பிறகுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. தவறான விலங்கைக் கேட்டால் தவறான பதில்தான் வரும். விஷத்தின் விஷயத்தில் அந்தத் தவறுக்கு உயிர்தான் விலை.

2023 மே மாதம் மரக்காணத்திலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் கள்ளச் சாராயம் என்ற பெயரில் உயிர்களைக் கொண்டுபோனது இதே மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் இறந்தவர்கள் அறுபதுக்கு மேல். மருத்துவர்கள் செய்வதும், மெத்தனால் உடலில் மாறும் பாதையை ஒட்டியதே. ஃபோமெபிசோல் என்ற மருந்தோ, வழக்கமான மதுவில் இருக்கும் எத்தனாலோ கொடுத்து முதல் படியை அடைக்கிறார்கள், ஃபோலினிக் அமிலம் கொடுத்து வடிகாலை அகலப்படுத்துகிறார்கள், தேங்கியதை டயாலிசிஸில் கழுவி எடுக்கிறார்கள்.

கள்ளச் சாராயத்தில் எத்தனாலும் சேர்ந்தே இருக்கலாம். நொதி முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். மெத்தனால் தன் முறைக்குக் காத்திருக்கும். அதனால், ஒரே பாக்கெட்டில் குடித்த இருவரில் ஒருவர் விழுந்து மற்றவர் தெம்பாக நடமாடினாலும், அவரையும் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.