இருபது வயதில் நூறு மில்லியன்

ஹாக்கி என்றதும் நம்ம ஊர் பசங்களுக்கு வெயிலும் பச்சை டர்ஃபும்தான் ஞாபகம் வரும். நான் இங்கே பேசப் போவது வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி. பெரிய காசு புரள்வது அங்கேதான். 2017 ஜூலையில் கனடாவின் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி, கானர் மெக்டேவிட் என்ற ஆட்டக்காரரோடு 8 ஆண்டுக்கு 100 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. அன்று அவருக்கு வயது 20. நம்மில் பலர் அந்த வயதில் பிடிபிடிஎன் கடன் பாரத்தை நிரப்பிக்கொண்டிருப்போம்.

மாமாக் கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே வரும் கேள்வி: "ஒரு தாதிக்கு இல்லாத சம்பளம், ஸ்டிக் பிடிக்கிறவனுக்கு எதுக்குடா?" கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. தத்துவவாதிகளும் இதில் மோதியிருக்கிறார்கள். பிறவித் திறமை யாரும் சம்பாதித்ததல்ல, அதை வைத்து 'எனக்கு இது தகும்' என்று சொல்ல முடியாது என்றார் ஜான் ரால்ஸ் (1971). ராபர்ட் நோஸிக் (1974) கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லினைக் காட்டி, ரசிகர்கள் விரும்பிக் கொடுக்கிற காசில் என்ன அநீதி என்று கேட்டார். இரண்டு பேரையும் படித்தேன். இரண்டுமே பாதி தூரம்தான் போகின்றன.

ஏனென்றால் இந்த லீக்கின் கணக்கே வேறு. ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது. சங்கமும் அணி முதலாளிகளும் போட்ட ஒப்பந்தப்படி, ஹாக்கி வருமானத்தில் 50 விழுக்காடு ஆட்டக்காரர்களுக்கு. ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பும் உண்டு. 2018-19 பருவத்தில் அது 79.5 மில்லியன் டாலர். மெக்டேவிட்டின் பங்கு ஆண்டுக்கு 12.5 மில்லியன், அதாவது கிட்டத்தட்ட 16 விழுக்காடு. அவர் குறைத்து வாங்கினால் மிச்சம் தாதிக்கா போகும்? இன்னொரு ஆட்டக்காரருக்குத்தான் போகும். ஆக, அவருடைய சம்பளம் பக்கத்து லாக்கர்காரரின் சம்பளத்தோடுதான் மோதுகிறது.

அப்படியென்றால் பேராசைதானே? இல்லை என்பது என் கட்சி. லீக்கில் புதிதாக நுழைகிற பையன் தனக்குப் பிடித்த அணியைத் தேர்ந்தெடுக்க முடியாது. டிராஃப்டில் எடுத்த அணியோடுதான் பேச வேண்டும். 18 வயதில் நுழைபவருக்கு முதல் ஒப்பந்தம் 3 ஆண்டு, சம்பளத்துக்கும் வரம்பு உண்டு. 2016-17இல் மெக்டேவிட் 100 புள்ளிகள் எடுத்து லீக்கிலேயே முதலிடம், மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அந்த ஆண்டு அவருடைய அடிப்படைச் சம்பளம் ஒரு மில்லியனைக்கூடத் தொடவில்லை (போனஸ் தனி). அப்போது மூத்தவர்களின் சம்பளத்தைத் தாங்கியது இந்தச் சின்னப் பையனின் ஆட்டம். இரண்டாவது ஒப்பந்தம் அந்தக் கணக்கை நேர் செய்தது.

2025 அக்டோபரில் அவர் இன்னும் 2 ஆண்டுக்குக் கையெழுத்திட்டார், அதே 12.5 மில்லியனுக்கு. விதிப்படி ஓர் ஆட்டக்காரர் உச்சவரம்பில் 20 விழுக்காடு வரை வாங்கலாம். அவர் இன்னும் எவ்வளவோ கேட்டிருக்கலாம். 2024, 2025 இரண்டு இறுதிச்சுற்றிலும் புளோரிடாவிடம் தோற்ற அணி அது, நல்ல ஆட்டக்காரர்களைச் சேர்க்க இடம் விட்டுக்கொடுத்தார். எனக்கும் மரியாதைதான். ஆனால் 100 மில்லியனைக் கையில் வாங்கியவர் விட்டுக்கொடுப்பது வேறு, ஒரு முழங்கால் போனால் எல்லாமே போய்விடும் என்ற நிலையில் உள்ள இருபது வயதுக்காரரிடம் "டீமை நினைச்சுப் பாரு தம்பி" என்பது வேறு. இந்த வசனம் நமக்கும் பழக்கம்தானே? இண்டர்ன்ஷிப்பில் மூன்று மாதம் முழுநேர வேலை வாங்கிவிட்டு, "அனுபவம்தான் சம்பளம்" என்று என்னிடமும் சொன்னார்கள்.

லாரி ஓட்டும் என் அப்பாவின் உழைப்புக்கு இந்தக் கணக்கில் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நேரத்தை வைத்துப் பார்த்தால் அவர் எந்த ஹாக்கிக்காரருக்கும் குறைந்தவரல்ல. கம்பெனி வருமானத்தில் ஓட்டுநர்களுக்கு எத்தனை விழுக்காடு என்று உட்கார்ந்து பேச அவருக்கு ஒரு மேசை கிடைத்ததில்லை. மெக்டேவிட்டின் சம்பளத்தைக் குறைத்தால் அந்த மேசை வந்துவிடப் போவதுமில்லை.