பெரிய உடையாரின் குலம்

உயிர்களிடத்துத் தயை கொள்ளுதல் ஸ்ரீவைஷ்ணவனுக்குரிய லக்ஷணம் என்பது பெரியோர் துணிபு. ஆயினும் தயை ஒன்றே போதுமா, அதற்கு அறிவும் துணை நிற்க வேண்டுமா என்பது ஆராயத்தக்கது.

காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்புட்குழி, 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. பிராட்டியைக் காக்கும் பொருட்டு இராவணனோடு பொருது வீழ்ந்த ஜடாயுவுக்கு, தந்தைக்கு மைந்தன் செய்வது போல் இராமபிரான் ஈமக்கடன் இயற்றிய தலம் அது என்பது ஐதிகம். ஜடாயுவைப் 'பெரிய உடையார்' என ஏற்றமாக வழங்குவது ஸ்ரீவைஷ்ணவ மரபு. அவரோ, பிணந்தின்னி என்று உலகம் முகஞ்சுளிக்கும் கழுகுக் குலத்தவர். எம்பெருமான் உண்ணும் உணவைக் கொண்டு உயர்வு தாழ்வு பார்த்தானல்லன்.

இயற்கையின் நியதியும் அதுவே. மானுக்குப் புல் உணவு; புலிக்கு மான் உணவு; புலி விட்டுச் சென்றதும், தானே மாண்டு கிடப்பதும் கழுகுக்கு உணவு. ஒவ்வோர் உயிருக்கும் தனியிடமும் தனி ஊழியமும் உண்டு. கழுகின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய இறைச்சியிலுள்ள நோய்க்கிருமிகள் பலவற்றை அது மாய்த்துவிடும். மாண்ட மாடொன்றை ஒரு கழுகுக் கூட்டம் சில நாழிகையில் வெறும் எலும்பாக்கிவிடும். இதுவும் ஒரு கைங்கர்யமே அன்றோ?

இத்தகைய குலத்திற்குக் கேடு வந்தது கொடுமையால் அன்று, கருணையால். மாடுகளின் வலியையும் வீக்கத்தையும் தணிக்க டைக்ளோஃபினாக் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. மருந்துண்ட மாடு சில நாட்களுக்குள் இறந்தால், அதன் ஊனை உண்ட கழுகு சிறுநீரகம் பழுதுற்று மடிந்தது. நூறு சடலங்களில் ஒன்றில் மருந்து இருப்பினும் அதுவே குலநாசத்திற்குப் போதுமானதாயிற்று. இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகள் 1992க்கும் 2007க்கும் இடையே ஆயிரத்தில் ஒன்றாய்க் குறைந்தன. உண்பாரற்ற சடலங்களால் தெருநாய்கள் பெருகின.

நோயுற்ற பசுவுக்கு மருந்திட்ட குடியானவன் கொடியவன் அல்லன். பசுவின் துயர் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. வானத்துப் பறவைக்கும் அப்பசுவுக்கும் உள்ள தொடர்பு தெரியவில்லை. காரணம் 2004இல் ஆராய்ச்சியால் வெளிப்பட்டது. 2006இல் கால்நடைகளுக்கான அம்மருந்தை இந்திய அரசு தடை செய்தது. கழுகுக்குத் தீங்கிழைக்காத மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்தும் உண்டு. அறியாது செய்த பிழைக்கு மன்னிப்பு உண்டு. அறிந்த பின்னும் மலிவு கருதியோ சோம்பலாலோ அதையே செய்வது அபசாரமேயாகும்.

சேதனாசேதனங்கள் யாவும் எம்பெருமானுக்குத் திருமேனி என்பது எம்பெருமானார் தரிசனம். ஓர் அங்கத்தின் நோய்க்கு இடும் மருந்து மற்றோர் அங்கத்தை அழிக்குமாயின் அதனை வைத்தியம் என்னலாகாது. அங்கங்களின் தொடர்பை உணர்ந்து செய்யும் தயையே முழுமையான தயை.

நீலகிரியின் அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அக்குலம் இன்றும் கூடு கட்டி வாழ்கிறது. பெரிய உடையாரை வணங்குவோர் அவர் குலத்தையும் வாழவிடுவாராக. விஜயராகவப் பெருமாள் திருவருள் அதற்குத் துணை நிற்க.