ஐந்து நொடிகள்

சென்ற தவக்காலத்தில் கிளைப்பங்கு ஒன்றில் திருப்பலி நிறைவேற்ற மோட்டார் சைக்கிளில் விரைந்துகொண்டிருந்தேன். கைபேசி ஒலித்தது. நோயில்பூசுதலுக்கான அழைப்போ என்றெண்ணி எடுத்துப் பார்த்தேன். தலை நிமிர்ந்தபோது சாலையைக் கடந்த சிறுமி ஒருத்தியை, ஒரு முழ இடைவெளியில் என் வண்டி தாண்டிப் போயிற்று. அன்று திருப்பலியின் தொடக்கத்தில் பாவ அறிக்கை செய்கையில் என் நா தழுதழுத்தது.

“வேண்டுமென்று செய்யவில்லையே” என்று உள்ளம் சாக்குச் சொல்லும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 5 நொடிகளில் ஏறத்தாழ 83 மீட்டர் கடந்துவிடுகிறது. அத்தொலைவைக் கண்களை மூடிக்கொண்டு கடக்க எவரேனும் துணிவரோ? கைபேசியைப் பார்ப்பவர் துணிகிறார். விளைவை அவர் விரும்பவில்லை. விளைவின் காரணத்தையோ விரும்பியே ஏற்கிறார். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கவனக்குறைவால் விளைவதற்கும் மனிதன் பொறுப்பாளி என்னுமிடத்தில் (எண் 1736), சாலை விதிகளை அறியாமையால் நேரும் விபத்தையே எடுத்துக்காட்டாகத் தருகிறது. அறியாமையே பொறுப்பை நீக்காதெனில், அறிந்தே செய்யும் நமக்கு எங்கே புகலிடம்?

கைபேசியைக் கையில் பற்றியபடி வண்டி ஓட்டுவதை, 2019-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் ஆபத்தான ஓட்டுதல் எனக் கொள்கிறது. காதில் கருவியை மாட்டிக்கொண்டால் போதுமே என்பர் சிலர். கை விடுபடுகிறது, மனம் விடுபடுவதில்லை.

அச்சிறுமி பிழைத்தது என் நற்பண்பால் அன்று. மோதியவனுக்கும் மோதாதவனுக்கும் உள்ள வேறுபாடு பல வேளைகளில் மனச்சான்றில் இல்லை. இப்போதெல்லாம் அழைப்பு வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திய பின்னரே எடுக்கிறேன். நோயாளியிடம் ஐந்து நிமிடம் தாமதமாகச் சேரலாம். போகும் வழியில் இன்னொரு நோயாளியை உருவாக்கலாகாது.