கரண்ட் பில்லில் பெயர் இல்லாதவர்

சென்னை கொரட்டூரில் 230 கே.வி. துணை மின்நிலையம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் ஊர் பல ஊர்கள் சேர்ந்தது. ஒரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளும் பாடியின் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளும். இன்னொரு பக்கம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு, தெருவுக்குத் தெரு எழும்பிவிட்ட அடுக்குமாடிகள், ஏரியை ஒட்டிய சின்ன வீடுகள். எல்லோருக்கும் ஒரே மின்சாரம்தான். விலைதான் வேறு. அடுக்குமாடியில் வீட்டுக்குள் எரியும் விளக்குக்கு ஒரு கட்டணம், அதே கட்டடத்தின் மாடிப்படியில் எரியும் விளக்குக்கு வேறொரு கட்டணம். பட்டறைக்காரர் மதியம் ஓட்டும் மெஷினுக்கு ஒரு கணக்கு, மாலை ஆறு மணிக்கு மேல் ஓட்டினால் இன்னொரு கணக்கு.

இந்த வேறுபாடுகளைத் தீர்மானிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 1999-இல் அமைந்த இந்த ஆணையம் இப்போது கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் சிட்கோ தலைமையகக் கட்டடத்தில் இயங்குகிறது. ஆணையத்துக்கு யோசனை சொல்ல ஒரு மாநில ஆலோசனைக் குழு உண்டு. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 87-ஆவது பிரிவு அதற்கு அதிகபட்சம் 21 பேரை அனுமதிக்கிறது. வணிகம், தொழில், போக்குவரத்து, வேளாண்மை, தொழிலாளர், நுகர்வோர், தன்னார்வ அமைப்புகள், மின்துறைசார் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள் ஆகியவற்றின் நலன்களை அவர்கள் பிரதிபலிக்க வேண்டும் என்கிறது. பெரிய கொள்கைகள், சேவையின் தரம், நுகர்வோர் பாதுகாப்பு ஆகியவற்றில் இந்தக் குழு கருத்துச் சொல்லலாம். முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அதிகாரம் இல்லாத குழுவில் யார் இருந்தால் என்ன என்று இதைத் தள்ளிவிட முடியாது. முடிவெடுப்பவரின் காதில் முதலில் விழும் பேச்சு எது என்பதில் பாதி முடிவு அடங்கியிருக்கிறது.

இதே சட்டம் ஆணைய உறுப்பினரிடம் எதிர்பார்ப்பது வேறு. பொறியியல், நிதி, வணிகம், பொருளாதாரம், சட்டம், மேலாண்மை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் தேர்ச்சியும், நேர்மையும் உள்ளவராக அவர் இருக்க வேண்டும். பணியைப் பாதிக்கக்கூடிய பணத் தொடர்போ வேறு தொடர்போ அவருக்கு இல்லை என்று தேர்வுக்குழு உறுதிசெய்துகொள்ள வேண்டும். பதவியைவிட்டு இறங்கிய பிறகும் ஆணையத்தின் முன் வழக்காடிய நிறுவனங்களில் 2 ஆண்டுகளுக்கு அவர் வேலைக்குச் சேரக் கூடாது. ஆக, ஆணையத்தில் இருப்பவருக்கு நலன் எதுவும் இருக்கக் கூடாது. ஆலோசனைக் குழுவுக்கு வருபவரோ ஒரு நலனைச் சுமந்துகொண்டேதான் வர வேண்டும். அப்படியானால் அவருடைய தொழில்பின்புலத்தை எப்படிப் பார்ப்பது? அது அவருடைய தகுதியா, அவர்மீது நாம் வைக்க வேண்டிய சந்தேகமா?

மின்வாரியத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பொறியாளரை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு விவசாய பம்புசெட்டுகளில் மிகப் பலவற்றுக்கு மீட்டர் கிடையாது. இலவச மின்சாரம் என்பதால் பில்லும் கிடையாது. அவை எவ்வளவு மின்சாரம் எடுக்கின்றன என்பது ஒரு மதிப்பீடு மட்டுமே. மீட்டரில் ஏறாத மின்சாரத்தில் எவ்வளவு விவசாயத்துக்குப் போனது, எவ்வளவு கம்பியிலும் டிரான்ஸ்பார்மரிலும் வீணானது, எவ்வளவு திருட்டில் போனது என்று பிரித்துக் காட்டுவது கணக்கு எழுதுபவரின் கையில் இருக்கிறது. விவசாயத்தின் பேரில் கூடுதலாக எழுதினால் மின் இழப்பு குறைவாகத் தெரியும், நிர்வாகம் திறமையானதாகத் தோன்றும். அரசு தரும் மானியத்தின் அளவும், மற்றவர்கள் சுமக்கும் கட்டணமும் அந்தக் கணக்கோடு சேர்ந்து நகரும். இந்த இடத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும், எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது பீடர் பீடராக அலைந்தவருக்குத்தான் தெரியும். நல்லெண்ணம் மட்டும் கொண்ட ஒரு குடிமகன் அந்த அறிக்கையை மூன்று முறை படித்தாலும் அந்த ஓட்டை கண்ணில் படாது. தொழிலில் ஊறியவரை ஒதுக்கிவிட்டுக் குழு அமைத்தால் கிடைப்பது தூய்மையான அறியாமை. அதனால் ஏழைக்கு எந்த லாபமும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தப் பொறியாளரின் ஓய்வூதியம் வாரியத்தின் வருவாயிலிருந்து வருகிறது. அவர் பயிற்சி கொடுத்த ஜூனியர்கள் இன்று தலைமைப் பொறியாளர்கள். வாரியத்தின் செலவில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யலாமா என்ற கேள்வி எழும்போது அவர் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிக்க அவரைக் கெட்டவராக நினைக்கத் தேவையில்லை. நல்ல மனிதரும் தான் வளர்ந்த வீட்டை விட்டுக்கொடுக்கத் தயங்குவார். நூற்பாலை முதலாளியின் நிலையும் இதுதான். தொழில்துறைப் பிரதிநிதியாக வருபவர் மின்சாரம் வாங்குபவராக மட்டும் இருப்பதில்லை. தமிழ்நாட்டின் பல ஆலைகளுக்குச் சொந்தக் காற்றாலைகள் உண்டு. காற்றடிக்கும் மாதங்களில் உற்பத்தியாவதை வாரியத்தின் கணக்கில் சேர்த்துவைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளும் வசதிக்கு என்ன விலை வைப்பது என்ற பேச்சு வந்தால், அவர் நுகர்வோரா உற்பத்தியாளரா? கல்வித்துறைப் பிரதிநிதி என்ற பெயரில் வருபவர் மாலை நேரங்களில் தனியார் மின் நிறுவனங்களுக்கு மனு எழுதித் தரும் ஆலோசகராக இருந்தால் என்ன செய்வது?

கடந்தகால வேலை குற்றமாகாது. தற்போதைய வருமானமும் குற்றமாகாது. தப்பு நடப்பது வேறோர் இடத்தில். ஊர்ப் பஞ்சாயத்தில் வழக்காடுபவர் எதிரில் நின்று பேசுவார், தீர்ப்புச் சொல்பவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார். நின்று பேச வேண்டியவர் திண்ணையில் ஏறி உட்கார்ந்துகொண்டு பொதுநியாயம் பேசுவதுதான் மோசடி. ஆலை முதலாளி ஆலைக்காக வாதாடட்டும். அதற்குத்தான் சட்டம் அவருக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் அவர் சொல்வது ஆலையின் குரல் என்று கேட்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓய்வுபெற்ற பொறியாளர் நுகர்வோரின் இடத்தில் அமர்ந்து வாரியத்துக்காகப் பேசினால், அவர் சொன்ன ஒவ்வொரு புள்ளிவிவரமும் உண்மையாகவே இருந்தாலும், அந்த இடம் பறிபோனதுதான்.

ஆணைய உறுப்பினர்களின் பின்புலம் பற்றிய கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. குஜராத் அரசு தொடர்பான வழக்கில் 2018 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, மாநில ஆணையங்களில் சட்டத்துறையைச் சேர்ந்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. 2022-இல் தமிழ்நாட்டில் மின் கட்டண உயர்வு மனு விசாரணையில் இருந்தபோது அந்தச் சட்ட உறுப்பினர் இடம் காலியாக இருந்தது. நூற்பாலைகள் சங்கம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. சட்ட உறுப்பினரை நியமிக்கும்வரை இறுதி உத்தரவு கூடாது என்றார் தனி நீதிபதி. செப்டம்பர் தொடக்கத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாற்காலியில் எந்தத் துறைக்காரர் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இவ்வளவு கனம் உண்டு என்பதை அந்தச் சில வாரங்கள் காட்டின. ஆலோசனைக் குழுவின் நாற்காலிகளைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு எழுவதில்லை.

எழ வேண்டும் என்பதற்குக் காரணம் கொரட்டூரின் மாடிப்படிகளிலேயே இருக்கிறது. 2022 உத்தரவு அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டுக்குத் தனி வகை ஒன்றை உண்டாக்கி, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தது. நீச்சல் குளமும் நாலு லிஃப்டும் உள்ள வளாகத்துக்கும், எட்டே வீடுகள் சேர்ந்து ஒரு மோட்டாரும் நாலு டியூப்லைட்டும் போட்டிருக்கும் பழைய கட்டடத்துக்கும் ஒரே விலை. எட்டு வீட்டுக் கட்டடத்தில் அந்த மோட்டார் ஆடம்பரப் பொருள் கிடையாது. அது ஏற்றும் தண்ணீரில்தான் அத்தனை வீடுகளிலும் சமையல் நடக்கிறது. மாதாமாதம் பராமரிப்புப் பணம் வசூலிக்க ஒவ்வொரு கதவாகத் தட்டும் சங்கச் செயலாளர் இதை ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். 2023 அக்டோபரில் அரசு இறங்கிவந்தது. பத்து வீடுகளுக்கு மேல் போகாத, மூன்று மாடிக்குள் அடங்கும், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 5 ரூபாய் 50 காசு என்று குறைத்தது. சரியான முடிவுதான். ஆனால் அது வருவதற்குள் ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. சிறுதொழில்களுக்கான உச்சநேரக் கட்டணமும் அப்படியே. பட்டறைகள் போராடிய பிறகுதான் அது குறைந்தது. மாலை ஆறிலிருந்து பத்துவரை மெஷினை நிறுத்திவைத்தால் ஆர்டர் கைவிட்டுப் போகும், ஓட்டினால் லாபம் கரையும். பெரிய ஆலைக்கு ஷிஃப்ட்டை மாற்றிப்போட இடமுண்டு. ஒரு லேத்தும் இரண்டு ஆட்களும் வைத்திருப்பவருக்கு அது கிடையாது. இரண்டையும் ‘தொழில்துறை’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு, பெரிய ஆலையிலிருந்து ஒருவரை உட்காரவைத்தால் சட்டத்தின் எழுத்து நிறைவேறிவிடும், பட்டறையின் பேச்சு வந்து சேராது.

கட்டணத்தோடு முடிவதல்ல இது. தட்டுப்பாடு வரும்போது இருட்டை யாருக்குப் பங்குபோடுவது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. 2008 நவம்பரில் உயர் அழுத்த இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு வந்தது. 2012-இல் சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு இருந்தபோது மற்ற மாவட்டங்களில் பல நாட்களில் அது பத்து மணி நேரத்தைத் தாண்டியது. தலைநகரில் இருப்பவர்களின் வசதிக்காக டெல்டாவின் பம்புசெட்டும் கோவையின் பவுண்டரியும் நின்றது நியாயமா? அந்தப் பங்கீட்டில் லாபம் பெற்றவர்களில் கொரட்டூர் வாசிகளும் அடக்கம். முடிவைப் பற்றி யோசனை சொல்பவர்கள் எந்த ஊரில் குடியிருக்கிறார்கள் என்பதும் அவர்களுடைய பின்புலம்தான். பட்டங்களையும் வகித்த பதவிகளையும் மட்டும் பட்டியலிட்டால் இது தெரியாது.

ஆலோசனைக் குழு கூடும் அறைக்குள் வரவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். கொரட்டூரில் மாடிப்படிக்குக் கீழே மரப்பலகையில் வரிசையாகச் சின்ன மீட்டர்கள் மாட்டியிருக்கும் வீடுகள் ஏராளம். அவை வாரியம் வைத்தவை அல்ல, வீட்டுக்காரர் வைத்தவை. மாதம் பிறந்ததும் அவர் ஒரு நோட்டில் ரீடிங் குறித்துக்கொண்டு, தான் வைத்த விலையில் காசு கேட்பார். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் வந்த சலுகை அந்தப் பலகையைத் தாண்டிக் குடியிருப்பவரிடம் வருவது வீட்டுக்காரரின் மனதைப் பொறுத்தது. கரண்ட் பில்லில் குடியிருப்பவரின் பெயர் இல்லை. தொழிற்பேட்டையில் ஹெல்பராக வேலை பார்க்கும் அவர், அம்பத்தூருக்கு ஷேர் ஆட்டோவில் போய்வருபவர், நுகர்வோர் சங்கம் எதிலும் உறுப்பினராக இருக்க மாட்டார். ஒரு வேலைநாளில் கிண்டிக்குப் போய்க் கூட்டத்தில் உட்கார ஆலை அதிகாரிக்குச் சம்பளத்தோடு அனுமதி கிடைக்கும். இவருக்கு அன்றைய கூலி போகும். மழைநாளில் தண்ணீரில் நின்றபடி தெருமுனை பில்லர் பாக்ஸைத் திறந்து வேலை செய்யும் ஒப்பந்த ஊழியருக்கும் அதே நிலைமை. தொழிலாளர் பிரதிநிதி என்று வருபவர் பெரும்பாலும் நிரந்தர ஊழியர் சங்கத்தின் தலைவராகத்தான் இருப்பார். உறுப்பினரின் பின்புலத்தை ஆராய்வது என்றால் வந்திருப்பவரைத் துருவுவது மட்டும் போதாது. வராதவர் யார், ஏன் வர முடியவில்லை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டில் இதுதான் முக்கியமானது என்று தோன்றுகிறது. அறிவித்துவிட்ட பக்கச்சார்பைக் கழித்துப் பார்க்க ஆணையத்தால் முடியும். சொல்லப்படாத துன்பத்தைக் கூட்டிப் பார்க்க யாராலும் முடியாது.

வருமானத்தையும் தொடர்புகளையும் சொல்லச் சொன்னால் கௌரவமானவர்கள் வர மாட்டார்கள் என்ற மறுப்பு எழும். அதை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. பொதுநலத்துக்காக நேரத்தைக் கொடுப்பவரைக் கூண்டில் ஏற்றுவது முறையாகாது. ஆனால் கேட்க வேண்டியது குடும்பச் சொத்துப் பட்டியலை அல்ல. இப்போது யாரிடமிருந்து சம்பளமோ ஓய்வூதியமோ கட்டணமோ வாங்குகிறீர்கள், மின் உற்பத்தியில் பங்கு உண்டா, எந்த வகை இணைப்பில் மின்சாரம் வாங்குகிறீர்கள், யார் சார்பில் வந்திருக்கிறீர்கள் என்ற நாலு விஷயங்கள் போதும். கூட்டத்தில் தன் பாக்கெட்டைத் தொடும் பேச்சு வரும்போது அதைச் சொல்லிவிட்டுப் பேசினால் போதும். எழுந்து வெளியே போக வேண்டியதில்லை. நியூசிலாந்தில் 2010-ஆம் ஆண்டு மின்துறைச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஆலோசனைக் குழுக்களின் உறுப்பினர் யார், எங்கே வேலை பார்த்தவர் என்ற விவரம் பொதுமக்கள் பார்க்க வெளியிடப்படுகிறது. கௌரவமானவர்கள் அங்கே வராமல் போய்விடவில்லை.

வர முடியாதவர்களை அழைத்துவரவும் புதிய சட்டம் தேவையில்லை. நுகர்வோர் நலனுக்காக வாதாட எவரையும் ஆணையம் அங்கீகரிக்கலாம் என்று மின்சாரச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு ஏற்கெனவே இடம் கொடுக்கிறது. மகாராஷ்டிர ஆணையம் அதைப் பயன்படுத்தி, புனேயின் பிரயாஸ் போன்ற அமைப்புகளை விசாரணைகளில் நுகர்வோரின் பிரதிநிதிகளாக அமர்த்தியது. 87-ஆவது பிரிவில் இருக்கும் ‘நுகர்வோர்’ என்ற இடத்தில் ஒரு வாடகைக் குடியிருப்பாளரையும், ‘தொழில்’ என்ற இடத்தில் குறைந்த அழுத்த இணைப்பில் ஓடும் ஒரு பட்டறைக்காரரையும், ‘தொழிலாளர்’ என்ற இடத்தில் ஓர் ஒப்பந்த ஊழியரையும் நியமிக்க எந்தத் தடையும் இல்லை. அவர்களுக்கு அன்றைய கூலியை ஈடுசெய்து, கட்டண மனுவின் சுருக்கத்தைக் கூட்டத்துக்கு முன்பே தமிழில் கையில் கொடுத்து, புரியாத பக்கங்களை விளக்க அந்த ஓய்வுபெற்ற பொறியாளரையே பக்கத்தில் உட்காரவைக்கலாம்.