பட்டியலில் இல்லாதது

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது முதல், பழைய கணினிகளை விண்டோஸ் 11க்கு மாற்றும் வேலை எங்கும் மும்முரமாக நடந்துவருகிறது. ஹட்டன் வீதியிலுள்ள எங்கள் கினிகத்தேனையும் அதற்கு விலக்கன்று. அவ்வாறு மாற்றப்பட்ட மடிக்கணினி ஒன்றைத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் நகரத்துக் கடைக்குக் கொண்டுவந்தபோது நான் அங்கிருந்தேன். திரையில் சி டிரைவ் தெரிந்தது. டி டிரைவைக் காணவில்லை. தாயாரின் சேமலாப நிதிக் கடிதங்கள், குடும்பத்தாரின் பிறப்புச் சான்றிதழ்கள், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக் கணக்கு ஆகிய யாவும் அந்த டியிலேதான் இருந்தன. "எல்லாம் போயிருச்சா தம்பி?" என்று கேட்டார் அவர். "போகல டீச்சர். டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, எழுத்துத்தான் விழுந்துபோச்சு" என்றார் கடைக்கார இளைஞர்.

அவர் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்னும் சாளரத்தைத் திறந்தார். அதன் கீழ்ப்பாதியில் டிஸ்க் எனப்படும் தட்டின் பகுதிகள் கட்டங்களாக வரிசையில் நின்றன. அவற்றுள் ஒன்றில் கொள்ளளவும் 'ஹெல்தி' என்ற குறிப்பும் முறையாக இருக்க, எழுத்து நிற்கவேண்டிய இடம் மாத்திரம் வெறுமையாயிருந்தது. சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி டி என்ற எழுத்தைச் சேர்த்தார். மறுகணம் கோப்புகள் யாவும் முன்னிருந்தபடியே வந்து நின்றன. எந்தப் பகுதிக்கு எந்த எழுத்து என்பதை விண்டோஸ் தனது பதிவேட்டில் குறித்துவைக்கிறது; மேம்படுத்தலின்போது அக்குறிப்புச் சிதையுமானால், பொருள் அணுவளவும் குறையாதிருக்கப் பெயர் மாத்திரம் நீங்கிவிடுகிறது. வேறு காரணங்களும் உண்டு: தட்டுடன் பேசுவதற்குரிய டிரைவர் மென்பொருள் புதிய அமைப்பில் இல்லாதிருக்கலாம், பிட்லொக்கர் பூட்டு விழுந்து 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம், தட்டே உண்மையில் பழுதாகியும் இருக்கலாம்.

ஆசிரியையின் கேள்விக்குள் அடங்கிய, காணப்படாமை இன்மைக்குப் பிரமாணமாகுமா என்னும் வினா பாரத தேசத்துத் தத்துவ ஞானிகளிடையே பலகாலம் விவாதிக்கப்பட்ட வினா. குமாரிலபட்டரைப் பின்பற்றும் மீமாம்சகர்கள் காணாமையையும் ஒரு தனிப் பிரமாணமாக ஏற்றனர்; ஆயினும், காண்பதற்குரிய ஏதுக்கள் யாவும் கூடியிருந்தும் ஒரு பொருள் காணப்படவில்லையென்றால்தான் அது இல்லையென்று துணியலாம் என்ற நிபந்தனையையும் உடன்வைத்தனர். இருட்டறையில் குடத்தைக் காணாதவன் குடம் இல்லையென்று சொல்ல உரிமையற்றவன். ஈசுவரகிருஷ்ணர் தமது சாங்கிய காரிகையில் உள்பொருள் காணப்படாமைக்கு எட்டுக் காரணங்களை அடுக்குகிறார்: மிகத் தொலைவு, மிக அண்மை, இந்திரியக் குறை, மனம் ஒன்றாமை, பொருளின் நுண்மை, இடையே தடை, வலியதொன்றால் அமுக்குண்ணல், ஒத்தவற்றோடு கலத்தல். கடைக்கார இளைஞர் காரிகையைப் படித்தவரல்லர். எனினும் கேபிள் பொருந்தியிருக்கிறதா, கணினியின் தொடக்க மென்பொருளான பயோஸ் தட்டை அறிகிறதா, டிரைவர் உண்டா, எழுத்து உண்டா என்று ஒன்றன்பின் ஒன்றாக விலக்கிவரும் அவர் தொழிலின் முறை அந்த ஞானி வகுத்த முறையே.

நமது சைவ சித்தாந்தம் இதனினும் ஆழ்ந்து சென்றதென்பது என் துணிபு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அபாவம் (இன்மை) முதலிய அளவைகளை, அதாவது பிரமாணங்களை, காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். அவர்க்குப் பின்வந்த உமாபதி சிவாசாரியாரோ, திருவருட்பயனில் உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தைப் பற்றிப் பேசுமிடத்து, இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னையாவது காட்டும், ஆணவமோ பிறவற்றையும் காட்டாது தன்னையும் காட்டாது என்று தெளிவுறுத்தினார். கினிகத்தேனையில் பனிமூட்டம் இறங்கி எதிர்மலையை மறைக்கும்போது எவரும் மலை போயிற்றென்று அலறுவதில்லை. மறைப்பது கண்ணுக்குத் தெரிகின்றமையால், மறைக்கப்பட்டதும் கருத்துக்குத் தெரிகின்றது. கணினித் திரையின் பட்டியலில் அத்தகைய மூட்டம் இல்லை. சி என்ற வரியின் கீழே டிக்குரிய இடம் காலியாக நின்று நம்மை எச்சரிப்பதில்லை. குறைபட்ட பட்டியல் நிறைவான பட்டியலைப்போலவே காட்சியளிக்கிறது. மறைப்பு என ஒன்று நிகழ்ந்ததென்பதையே மறைக்கும் இம்மறைப்புத்தான் உமாபதி சிவம் அஞ்சச் சொன்ன மறைப்பு. டி என்று ஒன்று இருந்ததென்பதை அறிந்த ஆசிரியை வாயிலில் நின்றிராவிட்டால், அந்தக் கணினியைக் கண்ட வேறெவரும் அதில் எதுவும் குறைவென்று ஐயுற்றிருக்கமாட்டார்.

மலையகத்தில் பிறந்தவன் இதை எழுதும்போது 1948ஐ நினையாதிருக்க முடியாது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தவரா, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று சான்று கேட்டது. லயக் காம்பறாக்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலாரிடம் அதற்குரிய பத்திரம் இல்லை. அடுத்த ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தத்தால் வாக்குரிமையும் அற்றது. அவர்கள் மறுநாட் காலையிலும் வேலை பகிரும் பிரட்டுக்குச் சென்றார்கள், கொழுந்து பறித்தார்கள், ஆயினும் நாட்டின் இடாப்பில் அவர்கள் இல்லை, அவர்கள் இல்லாத இடாப்பும் முழுமையான இடாப்பாகவே தோன்றியது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டு, 1,50,000 பேரைப் பிற்பாடு பார்க்கலாமென்று விட்டுவைத்தது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. பெயர் நீக்கப்பட்டதனால் ஒருவருடைய இருப்பு நீங்கவில்லை. ஆனால் பெயரற்ற இருப்புக்கு எவ்வளவு கொடுமை நேரக்கூடுமென்பதற்கு எம்முடைய பாட்டன் பாட்டிமார் சாட்சி.

காணாததை இல்லையென்று கொள்வது அறிவின் பிழையோடு நின்றுவிடுமானால் பாதகமில்லை. அது செயலாக மாறும்போதுதான் நாசம் விளைகிறது. அமைப்பைப் படிக்க இயலாத ஒரு தட்டைக் கண்டால் விண்டோஸ், இதனை ஃபோர்மட் செய்யவேண்டும், செய்யலாமா என்று கேட்கிறது. அந்தக் கேள்வியின் உட்கிடை, இதில் ஒன்றுமில்லை என்பதே. ஆம் என்று அழுத்தினால், விரைவு முறையில் முதலில் அட்டவணைகளே புதிதாக எழுதப்படுகின்றன. ஆயினும் எஸ்எஸ்டி வகைத் தட்டுகளில் டிரிம் என்னும் துப்புரவு வேலை உள்ளே கிடந்தவற்றையும் விரைவில் அழித்துவிடக்கூடும். அவ்வளவில், பொய்யாயிருந்த இன்மை மெய்யாகிவிடுகிறது.

ஆதலால், தோட்டங்களில் உள்ள எம்மவர்க்கு ஒரு வேண்டுகோள். பிறப்புச் சான்றிதழையும் சேமலாப நிதிக் கடிதத்தையும் ஒரே தட்டில் வைத்து நிம்மதியடையாதீர்கள். வேறோரிடத்தில் இன்னொரு பிரதி வையுங்கள். பிட்லொக்கர் சாவியைக் காகிதத்தில் எழுதி, குடும்ப அட்டையோடு சேர்த்துவையுங்கள். மேம்படுத்தியபின் ஒரு டிரைவைக் காணாவிட்டால், ஃபோர்மட் கேட்கும் பெட்டிக்கு வேண்டாம் என்று பதில் சொல்லிவிட்டு, முதலில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.